மணலில் தெரிந்த பாட்டு

முன்னொரு காலத்திலே ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்டு என் வாயைக் கிளறாதீர்கள். அவருக்குக் காது அடியோடு போய்விட்டது. போய்விட்டது என்று சொல்ல யாருக்குத் துணிச்சல்? சொன்னவன் தலை கழுத்தில் நிற்காது. எதிரே நிற்பவர்களின் உதட்டசைவை வைத்தே பேச்சைப் புரிந்துகொண்டு, எல்லாம் காதில் விழுவது போல ஜம்பமாக உட்கார்ந்திருப்பார்.

சபையில் இருந்தவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? காலையில் ராஜா வந்து அமர்ந்ததும் எல்லோரும் உரத்த குரலில் கட்டியம் கூறி வாழ்த்த வேண்டும். கேட்காத காதுக்கு எதற்குத் தொண்டையை வருத்துவது என்று உதட்டை மட்டும் அசைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதுவே பழகிப்போயிற்று.

அந்தச் சபையின் விகடகவி ஒண்டிப்புலி. அவன் மனைவி செங்கமலம் அரண்மனைப் பாடகி. ஒண்டிப்புலிமேல் ராஜா வைத்திருந்த பிரியத்தைப் பார்த்துப் பிரதானி தீத்தாரப்பருக்கு ஒரே வயிற்றெரிச்சல். ஒருநாள் செங்கமலம் பாடிக்கொண்டிருக்கையில் ராஜாவின் எதிரே போய் நின்றார்.

"அரசே, இவள் குரலே எழுப்பாமல் வாயைத் திறந்து மூடித் தங்களை ஏய்க்கிறாள்!"

ராஜாவுக்கு உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதி தெரியுமா? அப்படியானால் கோளாறு தம் காதில் இல்லையே! "விகடகவியே, இவள் பாடுவது உண்மையானால் நாளை அந்தப் பாட்டை நம் கண்ணுக்குக் காட்டு. தவறினால் இவள் நாக்கு அறுக்கப்படும்" என்றார்.

'நாங்கள் கேட்டோம், அவள் பாடினாள்' என்று ஒருவராவது சொல்லக்கூடாதா? பாவிகள், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பாட்டை எங்கேயாவது கண்ணால பாக்க முடியுமாங்க?" என்று வீட்டில் செங்கமலம் விம்மினாள்.

"ஒரு முரசை அடிச்சா பக்கத்து முரசு மேல இருக்கிற தூசி குதிக்கும், பாத்திருக்கேன். நீ பாடு, போதும்" என்றான் ஒண்டிப்புலி. சொல்லிவிட்டானே தவிர, அது பலிக்குமா என்று அவனுக்கும் சந்தேகம்தான்.

மறுநாள் சபை நடுவே ஒரு பெரிய முரசைக் கயிறு கட்டித் தொங்கவிட்டான். அடிப்பக்கத் தோலைக் கழற்றிவிட்டு, மேல்பக்கத் தோலில் பொடிமணலைத் தூவி வைத்தான். ராஜா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். சபையோர் முரசைச் சூழ்ந்து நின்று வழக்கம்போல் கட்டியம் கூறினார்கள். அத்தனை வாய் அசைந்தும் ஒரு மணல்கூட அசையவில்லை.

செங்கமலம், ராஜாவுக்கு முகம் தெரியாதபடி முரசுக்கு அடியில் உட்கார்ந்தாள். வாசலில் கத்தியோடு நின்ற ஆளைப் பார்த்தாள். பாட்டாவது, ஒன்றாவது! உடைத்துக்கொண்டு அழுகைதான் வந்தது. எழவு வீட்டில் அழுவது போல நீட்டி இழுத்து அழுதாள்.

மேலே மணல் துள்ளியது. ஓடியது, ஒதுங்கியது, வட்டம் வட்டமாக வரி கட்டி நின்றது. குரல் மாற மாறக் கோலமும் மாறியது.

"அரசே, இது..." என்று வாயெடுத்த தீத்தாரப்பர் நிறுத்திக்கொண்டார். அழுகிறாள் என்றால் அவளுக்குக் குரல் உண்டு என்று ஆகிவிடுமே.

"பிரதானியாரே, சற்றுமுன் நீங்கள் கட்டியம் கூறியபோது இது ஏன் அசையவில்லை?" என்றார் ராஜா. "எங்கே, இப்போது கூறும்!"

தீத்தாரப்பர் அடிவயிற்றிலிருந்து, "மகாராஜா வாழ்க!" என்று கத்தினார். மணல் எகிறிக் குதித்தது. ராஜாவின் முகம் ஒரு கணம் கறுத்துப்போனது. இவ்வளவு குதிக்கிறதே, தமக்கு எதுவுமே கேட்கவில்லையே! அதை அப்படியே விழுங்கிக்கொண்டு கடகடவென்று சிரித்தார். பிரதானியின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி ஒண்டிப்புலியிடம் கொடுத்தார்.

"விகடகவியே, எவ்வளவு அழகு! இது என்ன பாட்டு?"

சபை முழுக்கக் காதுள்ளவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒண்டிப்புலி மனைவியைப் பார்த்தான். அவளால் இன்னும் நிறுத்த முடியவில்லை.

"தங்களுக்காகவே பிறந்த பாட்டு, அரசே" என்றான்.

ராஜா குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "மெத்தச் சரி! நாளையும் இதையே பாடச் சொல்."

ஒண்டிப்புலி சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குனிந்து வணங்கினான்.