மங்காயி வாங்கிய சிவப்புச் சட்டை

அந்தக் காலத்தில் பூச்சிகளுக்கு வாய் இருந்தது. பேசின. சொன்ன சொல் அப்படியே பலித்தும் தொலைத்தது. அதனால் வந்த வினைதான் இது.

கறிவேப்பிலைச் செடியில் முட்டை வைக்கும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். பின்சிறகில் வரிசையாக வெள்ளைப் பொட்டு இருக்கும். அப்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே சட்டைதான். தூரத்தில் வந்தாலே தெரிந்துவிடும், நம்ம ஆள் என்று.

காராளனும் மங்காயியும் அந்த ஜாதியில் ஒரு ஜோடி. கிணற்றடிக் கறிவேப்பிலையில் குடியிருந்தார்கள். ஆணுக்கு என்ன, பறந்துகொண்டே இருப்பான், பிடிபடமாட்டான். பெண் பாடு அப்படியில்லை. இலைக்கு ஒரு முட்டை, நின்று நின்று வைக்க வேண்டும். வேலிக்கல்லில் கரிச்சான் குருவி காத்திருக்கும். நின்றவளைக் கொத்தும். அப்படி ஆறு பெண்கள் போனார்கள். மிச்சம் மங்காயி ஒருத்தி. அவளும் போனால் வம்சமே போச்சு.

"வேலியோரம் வீராயி இருக்காளே, அவ சட்டையை இரவல் கேட்டுப் பாப்போம்யா," என்றாள் மங்காயி. இரண்டு பேரும் போனார்கள்.

வீராயியும் வண்ணத்துப்பூச்சிதான், ஆனால் வேறு ஜாதி, சிவப்பு உடம்புக்காரி. கறுப்புச் சிறகிலும் சிவப்புச் சிவப்பாய்ப் பொட்டு. ஆடுகூடத் தொடாத ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளர்ந்தவள், உடம்பெல்லாம் கசப்பு. அவள் தாயைக் கொத்திய கரிச்சான் மூன்று நாள் கக்கிக்கொண்டு கிடந்தது. அதற்கப்புறம் அந்தக் கூட்டத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

"சட்டை தரேன்," என்றாள் வீராயி. "உடம்புச் சிவப்பைத் தரமாட்டேன். அது என் கசப்பு, உனக்கு ஒட்டாது." பிறகு காராளனைப் பார்த்தாள். "நீயும் கேட்டுக்கோப்பா. இவ பின்னால சுத்தாதே. கறுப்பன் சிவப்பி பின்னால போனா கரிச்சானுக்கு விளங்கிடும்."

"எத்தனை நாளைக்கு?"

"முட்டை வச்சு முடிக்கிற வரைக்கும்."

"அது எப்ப முடியும்?"

"முட்டை வைக்கிறவ அவ, என்னைக் கேக்குறியே. அவளைக் கேளு."

மங்காயி சட்டையை மாட்டிக்கொண்டு சிவப்பிகளோடு போய்விட்டாள்.

காராளன் செடியில் தனியாகத் தொங்கினான். பக்கத்து இலை காலியாக ஆடிற்று. முன்பெல்லாம், "நகர்ந்து தொங்குய்யா, காத்து அடிக்குது" என்று திட்டுவாள். இப்போது காற்று மட்டும் அடித்தது.

ஐந்தாம் நாள் பொறுக்கவில்லை. வேலியில் உண்ணிப்பூவில் நாலைந்து சிவப்பிகள் தேன் குடித்துக்கொண்டிருந்தார்கள். சிறகைப் பார்த்தான். எல்லாம் ஒன்றுபோல. உடம்பைப் பார்த்தான். ஒருத்திக்கு மட்டும் கறுப்பு. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கிறுக்கு மனுசா, போயிடு," என்றாள் மங்காயி. "இன்னும் பாதி முட்டைகூட வைக்கல."

"ஒரு வாட்டி பாத்துட்டுப் போறேன்டி."

"பாத்தாச்சுல்ல? போ."

அதற்குள் கரிச்சான் வேலிக்கல்லில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"என்ன காராளா, சிவப்பிகிட்ட உனக்கென்ன குசுகுசு? உன் பொண்டாட்டியா அது? வேஷம் கட்டியிருக்காளோ?"

ஆமாம் என்றால் அவள் உயிர் போச்சு. பேசாமல் இருந்தாலும் போச்சு.

"இவளா? இவ யாருன்னே எனக்குத் தெரியாது," என்றான் காராளன்.

கரிச்சான் தலையைச் சாய்த்துப் பார்த்தது. "ஊர்ல எவளைக் கண்டாலும் பல்லைக் காட்டுறியா? நல்ல பொழப்புடா," என்று சிரித்துவிட்டுப் பக்கத்துக் கல்லுக்குப் போயிற்று.

"சும்மா சொன்னேன்டி," என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினான். எதிரே நாலைந்து சிவப்பிகள். கறுப்பு உடம்பும் கண்ணெதிரேதான் இருந்தது. அது யாருடையது என்றுதான் தெரியவில்லை. சொன்ன சொல் பலித்துவிட்டது.

பேர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தான். கூப்பிட்டால் கரிச்சானுக்கும் கேட்கும். மூடிக்கொண்டான். அப்புறம் அந்த வாய் திறக்கவேயில்லை.

மங்காயி முட்டையெல்லாம் வைத்து முடித்தாள். வம்சம் பிழைத்தது. பிறந்த பெண்களில் சில பேர் அம்மா சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். சில பேர் மாட்டோம் என்றார்கள். "கரிச்சான் கொத்தினா கொத்தட்டும். அப்பாவுக்கு எங்களைத் தெரியணும்," என்று கறுப்பிலேயே பறந்தார்கள்.

அன்று முதல்தான் அந்த ஜாதியில் ஆணெல்லாம் ஒரே கறுப்பு, பெண்ணில் மட்டும் கறுப்பும் உண்டு, சிவப்புப் பொட்டும் உண்டு. அன்று முதல்தான் கறுப்பன் ஒருவன் எந்தச் சிவப்பியைக் கண்டாலும் பின்னால் போய், ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, சத்தமில்லாமல் திரும்புகிறான்.