குன்றேறிய காவல் சாவடி

எந்தக் காலமோ தெரியாது, மஞ்சளாற்றங்கரையில் வெண்கோட்டை என்றொரு நாடு. அதை ஆண்டவன் அதிரதவர்மன் என்ற ராஜா. நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. வீட்டுக்கு வீடு மயில் வளர்க்கச் சொல்வான்; மறுமாதம் சத்தம் தாங்கவில்லை என்று அத்தனையையும் காட்டுக்கு விரட்டுவான். அப்பேர்ப்பட்டவனிடம் பதினெட்டு வருஷம் அமைச்சராகக் குப்பை கொட்டியவர் கூத்தபிரான். லேசுப்பட்ட காரியமா அது!

ஒரு மழைநாளில் ராஜா கடைவீதி நடுவில் இருந்த தலைமைக் காவல் சாவடிக்குப் போனான். நகரக் காவலர் அத்தனை பேருக்கும் அதுதான் இருப்பிடம். நூறு வயதுக் கட்டடம், சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல். ராஜா உள்ளே கால் வைத்ததும் கூரையிலிருந்து சொட்டென்று ஒரு துளி, நேரே அவன் மூக்கின் மேல்!

மறுநாள் சபை கூடியது. "இந்தச் சாவடியைப் பழுது பார்ப்பதா, வேறிடத்துக்குக் கொண்டுபோவதா? சொல்லுங்கள்" என்றான் ராஜா.

அரண்மனைக் கட்டட வேலைகளுக்கு அதிகாரியான வல்லபராயர் துள்ளி எழுந்தார். அமைச்சரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். "இடித்துத் தள்ளுங்கள் மகாராஜா! ஊருக்கு வெளியே குதிரைக்குன்றின் மேல் ஏழடுக்குச் சாவடி எழுப்புவோம். பத்து ஊருக்குத் தங்கள் பெருமை தெரியும்!"

அந்தக் குன்றின் அடிவாரத்தில்தான் தன்னுடைய தோட்ட மாளிகை எழும்புகிறது என்பதை மட்டும் மனுஷர் மறந்தும் சொல்லவில்லை.

கூத்தபிரான் எழுந்தார். "கூரையைப் பிரித்து மாற்றினால் போதும் மகாராஜா. விரிசலைச் சுண்ணாம்பு வைத்து அடைக்கலாம். இடம் மட்டும் மாறக் கூடாது."

"அமைச்சருக்கு வயதாகிவிட்டது. பழசு எதைப் பார்த்தாலும் பாசம் பொங்குகிறது!" என்றார் வல்லபராயர். சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தான்.

"கூத்தபிரானே, மூன்று நாள் தருகிறேன். இடம் ஏன் மாறக் கூடாது என்று என் மனம் ஒப்பும்படி காட்டும். முடியாவிட்டால் உமது முத்திரை மோதிரம் வல்லபராயர் விரலுக்குப் போகும்."

கூத்தபிரான் விரலில் கிடந்த மோதிரத்தைப் பார்த்தார். பதவி போனால் போகட்டும், இந்த ஆள் கையில் நாடு போய்விட்டால் ஜனங்கள் என்ன ஆவார்கள்? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்படியானால் மகாராஜா, மூன்றாம் நாள் காவலர் எல்லாரையும் குன்றுக்கே அனுப்பிப் பார்ப்போம். ஒரு பந்தல் போட்டால் போதும். தாங்கள் கடைவீதியைச் சுற்றிப் பாருங்கள்."

"வழிக்கு வந்தார் பாருங்கள்!" என்று வல்லபராயர் தொடையைத் தட்டினார். குன்றில் கூட்டம் பலமாகத் தெரியட்டும் என்று ராஜாவின் மெய்க்காவலர்களையும் சேர்த்தே அனுப்பிவைத்தார்.

இங்கே அந்த நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொருளைக் களவு கொடுத்தவர், களவு போன இடத்திலேயே வெற்றிலையில் சுண்டைக்காய் அளவு கற்பூரம் ஏற்றி, அது எரிய எரியச் சாவடிக்குக் கொண்டுபோய் முறையிட வேண்டும். வழியில் அணைந்தால் முறையீடு செல்லாது. ராஜாவின் பாட்டனார் வைத்த சட்டம். எதை எதையோ மாற்றிய அதிரதவர்மன் இதில் மட்டும் கை வைத்ததில்லை.

மூன்றாம் நாள் காலை, ராஜா முத்துச்சரம் வைத்த சிவப்புத் தலைப்பாகையோடு கடைவீதியில் நடந்து வந்தான். கூத்தபிரானும் வல்லபராயரும் கூடவே வந்தார்கள். காலியான சாவடிக்கு எதிரே வந்ததும் கூத்தபிரான் ராஜாவை நெருங்கினார். ராஜாவின் தலைப்பாகையைத் தொட்டால் கையை வெட்டுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு லபக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சாவடிப் படியில் உட்கார்ந்துவிட்டார்!

"திருடன்! பிடியுங்கள்!" என்று அலறினான் ராஜா.

பிடிக்க யார் இருக்கிறார்கள்? ஈட்டி பிடித்தவன் ஒருவன்கூட ஊருக்குள் இல்லை.

"ஒப்புக்கொள்கிறேன் மகாராஜா, நான்தான் திருடன். வெற்றிலையும் கற்பூரமும் இதோ. குன்றுக்குப் போய் முறையிடுங்கள்" என்றார் கூத்தபிரான்.

ராஜாவின் கண் சிவந்தது. "வல்லபராயரே, எனக்காகக் கற்பூரத்தை நீரே ஏந்திக்கொண்டு ஓடும்!"

ஓடினார். வளையல்காரர் தெருவிலேயே அணைந்தது. திரும்பி வந்து மறுபடி ஏற்றிக்கொண்டு ஓடினார்; குயவர் தெருவில் அணைந்தது. மூன்றாம் தடவை வெற்றிலை கருகி, கை சுட்டு, "ஐயோ அம்மா!" என்று கோட்டை வாசலில் உதறிவிட்டார். குன்றுக்கு இன்னும் அரைக் காதம் இருந்தது. இங்கே திருடன் ஆற அமர வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"நான் கண்ணியமான திருடன் மகாராஜா, உட்கார்ந்திருக்கிறேன். வேறொருவன் என்றால் இந்நேரம் ஆற்றைத் தாண்டியிருப்பான்."

கூட்டத்திலிருந்து பூக்காரி நாச்சி குரல் கொடுத்தாள். "ராஜாவுக்கே இந்தக் கதி என்றால் எங்களுக்கு யார் சாமி இருக்கிறார்கள்?"

வல்லபராயர் மூச்சிரைத்தபடி, "மகாராஜா... கற்பூரத்தைப் பூசணிக்காய் அளவுக்கு வைத்துவிடலாம்..." என்றார்.

"அதையும் உம் கையிலேயே ஏற்றட்டுமா?" என்று சீறினான் ராஜா.

கூத்தபிரான் எழுந்து நின்றார். "ஊரின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் கற்பூரம் அணையாத இடம் பார்த்துத்தான் தங்கள் பாட்டனார் இங்கே சாவடி கட்டினார். அது அணைவதற்குள் சேதி வந்தால் திருடன் ஊரைத் தாண்ட முடியாது."

ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆள் அனுப்பிக் காவலர்களை வரவழைத்தான். காவல் தலைவன் மல்லையன் வந்து கும்பிட்டான். "குன்றில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டான் ராஜா.

"ராயர் வீட்டு ஆட்கள், அவர் மாளிகைக்கு வந்து இறங்கிய தேக்கு உத்திரங்களுக்குக் காவல் நிற்கச் சொன்னார்கள் மகாராஜா. நின்றோம்."

ஜனங்கள் ஓவென்று கூவினார்கள். வல்லபராயர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்படியா சேதி! சாவடி இங்கேதான் இருக்கும். அந்தத் தேக்கெல்லாம் இதன் கூரைக்கு வரட்டும். கூரை வேயும்வரை ராயர் இங்கேயே தங்கி, சொட்டும் இடத்தில் சட்டி வைக்கட்டும்" என்றான் ராஜா.

மல்லையன் தலையைச் சொறிந்தான். "மகாராஜா, களவு களவுதானே... அமைச்சரைக் கட்டட்டுமா?"

கூத்தபிரான் தலைப்பாகையை நீட்டிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். ராஜா அதை வாங்கிக்கொண்டு கிட்டே வந்தான்.

"கட்டத்தான் வேண்டும்; நானே கட்டுகிறேன்" என்று சொல்லி, அந்தச் சிவப்புத் தலைப்பாகையைத் தன் கையாலேயே கூத்தபிரான் தலையில் கட்டினான். அமைச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்றைக்கு அரண்மனைவரை ராஜா வெறுந்தலையோடு வெயிலில் நடந்தே போனான். ஊரே ஆரவாரம் செய்துகொண்டு அவன் பின்னால் போனது.