தலைவர் வீட்டு மாடி

படியில் கால் வைக்கப்போன பேச்சித்தாய் சட்டென்று பின்வாங்கித் தெருவிலேயே நின்றுகொண்டாள்.

"விசாரணைக்குக் கூப்பிட்டா மேலே வர மாட்டியா?" என்று மாடியிலிருந்து சத்தம் போட்டார் பேரூராட்சித் தலைவர். பக்கத்தில் செயல் அலுவலர் நின்றார்.

அனுமதி வாங்காமல் இட்லிக் கடைக்குப் பின்னால் ஒரு சமையலறை கட்டியிருந்தாள் பேச்சித்தாய். அபராதம் கட்டினாலும் விடமாட்டேன், இன்றைக்கே இடிப்பேன் என்பது தலைவரின் பிடிவாதம். அவருடைய மருமகன் எதிரிலேயே ஓட்டல் திறந்திருந்தான்.

"பயமா இருக்குய்யா. அனுமதி இல்லாத கட்டடம் எப்ப வேணா ஆள் மேல விழும்னு நேத்து மைக்குல நீங்கதானே சொன்னீங்க? இந்த மாடிக்கு அனுமதி இருக்குன்னு ஆபீசர் ஒரு வார்த்தை சொல்லட்டும், ஓடி வந்துர்றேன்."

மாடி கட்டிய கொத்தனார்கள் அவள் கடையில்தான் சாப்பிட்டார்கள். அவர்கள் பேச்சு காதில் விழாமலா இருக்கும்?

கூட்டம் சேர்ந்துவிட்டது. அலுவலர் தலைவரைப் பார்த்தார். தலைவர் எதிர்வீட்டுத் தென்னையைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார், அக்கா வெயில்ல நிக்குதுல்ல" என்றான் ஓர் ஆட்டோக்காரன்.

அலுவலர் தொண்டையைச் செருமினார். "அபராதத்தைக் கட்டி, வரைபடம் குடுத்து அனுமதி வாங்கிக்கலாம். யாரா இருந்தாலும் அதுதான் சட்டம்."

"அப்ப இடிக்க மாட்டீங்கல்ல?"

"மாட்டோம்மா. போ."

பேச்சித்தாய் கடைக்குத் திரும்பி, இடிக்க வருவார்களென்று காலையில் தெருவில் எடுத்துவைத்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் அடுக்கினாள்.