ஐயனார் காட்டிய மண்கால்

மணல்மேட்டுப்பட்டியில், நடக்கவும் பேசவும் சிரமப்படும் சிறு பிள்ளைகளுக்கென்று ஓடு வேய்ந்த ஒரு பள்ளி இருந்தது. அங்கே ஆயா வேலை பார்த்தவர் செம்பாயி அம்மையார். விடிந்ததும் ஐயனார் கோயில் வாசலைப் பெருக்குவார். பிறகு பள்ளிக்கு வந்து பிள்ளைகளின் எச்சிலைத் துடைப்பார், ஈரத்துணி மாற்றுவார், கஞ்சி ஊட்டுவார். இரண்டையும் அவர் ஒரே வேலையாகத்தான் நினைத்தார்.

ஆடி மாதம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஐந்து பிள்ளைகள்தான் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் ஆறாவது பெயர் சேராவிட்டால் பள்ளியை மூடிவிடுவோம் என்றது. மூடினால் அந்த ஐவரும் மறுபடி வீட்டு இருட்டறைக்குள்தான். எழுதிய மகராசன்கள் ஒருநாளாவது வந்து பார்த்தார்களா? இல்லை.

அம்மையார் வீடு வீடாக ஏறி இறங்கினார். "எங்க வீட்டுல அப்படிப் புள்ள இல்ல" என்றே எல்லாரும் சொன்னார்கள். உள்ளே முனகல் கேட்கும்போதே சொன்னார்கள். டீக்கடை அழகுமலை ஒருபடி மேலே போய், "புள்ள புடிக்கிறவ வர்றாடோய், கதவச் சாத்துங்க!" என்று சிரித்தார்.

வெள்ளியன்று காலை பெருக்கப் போனவருக்குப் பொறுக்கவில்லை. குதிரைமேல் இருந்த ஐயனாரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஊருக்கே காவலுங்குறாக. அஞ்சு புள்ளைகளுக்கு ஒரு கூரை நிக்கக் கூடாதா? எனக்கு வாயும் வலிக்குது, காலும் வலிக்குதய்யா!"

அழுதுகொண்டே பெருக்கினார். விளக்குமாறு எதிலோ இடித்தது. சூளையிலிருந்து வந்து ஓரிரு நாளே ஆன இரண்டு சின்ன மண்கால்கள். கால் குணமாக வேண்டுமென்றால் மண்ணில் கால் செய்து சாமி முன் வைப்பது அவ்வூர் நேர்த்திக்கடன்.

"இது யாரு வச்சது?" என்று, மண்பாண்டமும் வனையும் பூசாரி வேளாரைக் கேட்டார்.

வேளார் தயங்கினார். "நான்தான் செஞ்சு கொடுத்தேன். அழகுமலை மக பொறந்ததுலருந்து எந்திரிக்கலையாம். வெளிய சொல்லிப்புடாத ஆத்தா."

அம்மையார் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு நேரே அழகுமலை வீட்டுக்கு நடந்தார்.

"சாமிகிட்ட காலு கேட்டியில்லப்பா? நடக்கப் பழக்கத்தான் நாங்க இருக்கோம். புள்ளையத் தூக்கிட்டு வா."

 அழகுமலை உள்ளே போய், நான்கு வயது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஊர் பார்க்கத் தெருவில் நடந்தார்.

பதிவேட்டில் ஆறாவது பெயர் ஏறியது. பள்ளி நின்றது. பத்து நாளில் வந்த பதிலில் நன்றி இல்லை, அடுத்த ஆண்டு எட்டுப் பேர் வேண்டும் என்று இருந்தது. அம்மையார் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஐயனாரிடம் சண்டைக்குப் போனார்.

ஊரார் தன்னிடம் மட்டும் சொல்லியழுததை ஐயனார் ஒருவருக்கும் காட்டிக்கொடுத்ததில்லை. செம்பாயி அம்மையாருக்குக் காட்டினார். திட்டியபடியே வாசல் பெருக்கிய அந்தக் கைகளை நாமும் கும்பிடுவோம்.