பூசாரி குளிப்பாட்டிய நாய்க்குட்டி

பூவாத்தாளிடம் தியானம் கற்றுக்கொள்ள முருகன் கோயில் பூசாரி வெள்ளியங்கிரி வந்து ஒன்பது வருஷமாயிற்று. குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு அறுபத்திரண்டு. அதில் அவருக்குத் துளியும் கூச்சமில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கேட்கத்தான் கூச்சம். அன்று கேட்டே விட்டார்.

"எங்க ஊருல பத்துப் பேரு கத்துக்கணும்னு காத்திருக்காங்கம்மா. நான் போயிச் சொல்லிக் குடுக்கலாமுங்களா?"

"நேத்து ஒரு நாய்க்குட்டி வந்துச்சில்லீங்க? முதல்ல அதைக் குளிப்பாட்டிட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்."

இதென்ன பெரிய காரியம்! முப்பது வருஷம் முருகனுக்கு அபிஷேகம் செய்த கை அது. கொல்லையில் குட்டியை நிறுத்தினார், குடத்தைத் தூக்கினார், உச்சந்தலையில் கடகடவென்று ஊற்றினார். குட்டி வீலென்று கத்திக்கொண்டு விறகுக் குவியலுக்குள் புகுந்துகொண்டது.

"அடங்காத குட்டியா இருக்குதுங்கம்மா."

"முருகன் நகராம நின்னு பழகினவருங்க. இது நேத்து வந்த குட்டி."

பூசாரிக்குச் சுருக்கென்றது. போய்த் தண்ணீரை வெதுவெதுப்பாகக் காய்ச்சினார். விறகுப் பக்கமாகத் தரையில் உட்கார்ந்தார். நனைந்த கையை நீட்டியபடி வெகுநேரம் காத்திருந்தார். குட்டி மெல்ல வந்து விரலை நக்கியது. முதலில் பாதங்களை நனைத்தார், பிறகு வயிறு, பிறகு முதுகு. முகத்தை ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. அவர் மடியிலேயே அது கண்ணை மூடிவிட்டது.

திருவிழாவில் சாமி தூக்கி வருபவர்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"ஒரு சத்தம் போடலைங்கம்மா!"

"இறக்கி விடுங்க."

இறக்கியதுதான் தாமதம், குட்டி நேராகச் சாம்பல் குழிக்கு ஓடியது. நாலு காலும் மேலே தெரிய, ஆசை தீரப் புரண்டது.

"அடடா, இத்தனை பாடும் வீணாப் போச்சுங்களே," என்றாள் பூவாத்தாள்.

பூசாரி சிரித்துவிட்டார்.

"வீணாங்களா? காலையில என்னைக் கண்டு ஓடுச்சுங்க. இப்பப் பாருங்க, இத்தனை அழுக்கோட எங்கிட்டத்தான் வருது!"

வேட்டியெல்லாம் சாம்பல் அப்ப, குட்டியை வாரி எடுத்துக்கொண்டார். முகத்தில் பெருமை இம்மியும் குறையவில்லை.

"இன்னொரு அண்டா தண்ணி காய வெக்கிறேனுங்க."

"அதை நான் பார்த்துக்கறேன்," என்று கைநீட்டிக் குட்டியை வாங்கிக்கொண்டாள் பூவாத்தாள். "உங்க ஊருக்கு மூணு மணிக்கு பஸ் இருக்குது. கிளம்புங்க."