நுரைச்சி பாறையை விட்ட கதை

அந்தக் காலத்தில், நண்டும் நத்தையும்கூட நாள் முழுக்க வாயடித்துக்கொண்டிருந்த காலத்தில், சொறி என்கிற ஜெல்லிமீனும் பவளமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கடலடியில் ஒரு பாறை. அதில் குடும்பமே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவர்களுக்குத் தலை கிடையாது, வால் கிடையாது, எலும்பு என்று பேருக்குக்கூடக் கிடையாது. உடம்பே ஒரு பை. மேலே பார்த்தபடி ஒரே ஒரு வாய், வாயைச் சுற்றி விரல்கள். தின்பதும் அந்த வாயால்தான், சக்கையைத் துப்புவதும் அந்த வாயால்தான். என்ன செய்வது, கொடுப்பினை அவ்வளவுதான்!

விரலெல்லாம் விஷ ஊசி. எது பட்டாலும் தானாகப் பாயும், யாரையும் கேட்டுக்கொண்டு பாயாது. பாறையில் இடுப்போடு இடுப்பு ஒட்டியிருப்பவர்களை மட்டும் ஒன்றும் செய்யாது. ஒருத்தி தின்றால் ஒட்டியிருக்கும் எல்லோருக்கும் வயிறு நிறையும். அதனால் வீட்டில் ஒரு கட்டுப்பாடு: இரை கரைகிறவரை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அத்தனை பேருக்கும் பட்டினி.

கடைக்குட்டி நுரைச்சிக்கு ஒரு நிமிஷம் இருப்புக்கொள்ளாது. நீரோட்டம் வந்தால் கூடவே சாய்வாள், போனால் எம்புவாள்.

"அக்கா, மேலே வெதுவெதுன்னு இருக்கே, அங்கே என்ன இருக்கு?"

"என்ன இருந்தா உனக்கென்ன? சும்மா உட்காருடி," என்பாள் பக்கத்தில் ஒட்டியிருந்த அக்கா கல்லாயி.

"உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு உயிரே போகுது."

"போயிட்டா, பிள்ளை பெத்து எங்கே வைப்பே? தண்ணியிலயா தொட்டில் கட்டுவே?"

ஆனாலும் நுரைச்சிக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் நீரோட்டம் வெறிபிடித்தாற்போல் வந்தது. நுரைச்சியின் பிடி தானாகவே தளர்ந்தது. அவளுக்கே பயமாகிவிட்டது.

"அக்கா, நான் போயிடுவேன் போலிருக்கு. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லு, இருந்துடறேன்."

கல்லாயி அப்போதுதான் ஒரு இறாலை விழுங்கியிருந்தாள். சின்னதுகள் எல்லாம் பசியில் துவண்டு கிடந்தன. வாயைத் திறந்தால் இறால் போச்சு. திறக்காவிட்டால் தங்கச்சி போச்சு. பாவி மகள், திறக்கவில்லை.

"ஒரு வார்த்தைக்குக்கூட நான் ஆகலையா?" என்றாள் நுரைச்சி. பிடியை விட்டாள்.

நீரோட்டம் அவளை அப்படியே தலைகீழாகப் புரட்டியது. வாய் கீழே போனது, விரல்கள் தொங்கின. கல்லாயியால் பொறுக்க முடியவில்லை. இறாலைத் துப்பிவிட்டு, "போகாதேடி!" என்று அலறி விரல்களை நீட்டினாள். விரலும் விரலும் பட்டன. ஒட்டு விட்டுப்போனதே, ஊசிக்குத் தெரியுமா தங்கச்சியென்று? இரண்டு பக்கமும் பாய்ந்தது.

"அய்யோ, உன்னையா குத்தினேன்!" என்று கல்லாயி கதறினாள்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நுரைச்சிக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. திரும்பிவிட நினைத்து உடம்பை இறுக்கினாள். வாய்தான் கீழே இருக்கிறதே, இறுக்க இறுக்கத் தண்ணீர் கீழே பீறிட்டு அவள் மேலேதான் போனாள்.

"அக்கா, எனக்குத்தான் இடமில்லை. என் பிள்ளைகளுக்காவது பாறையில இடம் குடு!"

"அனுப்புடி, நான் இருக்கேன்!" என்றாள் கல்லாயி. இனி எந்த நீரோட்டமும் யாரையும் பிடுங்கக் கூடாதென்று, காலடியில் கல்லைக் கட்டத் தொடங்கினாள். இத்தனையையும் பார்த்துக்கொண்டு, கல்லும் கட்டாமல் ஊரும் போகாமல் அதே பாறையில் பூப்போல விரல் விரித்து உட்கார்ந்திருந்தாளே ஒரு அத்தைக்காரி, அவள்தான் கடல் சாமந்தி.

அன்று முதல்தான் சொறி நிலைகொள்ளாமல் அலைகிறது, வாய் கீழே அக்காவைப் பார்த்தபடி. அதன் பிள்ளைகள் பாறைக்கு வந்து, ஒட்டி உட்கார்ந்து வளர்கின்றன. வளர்ந்ததும் அவையும் அடுக்கிவைத்த தட்டுகள்போல் ஒவ்வொன்றாகக் கழன்று, தலைகீழாகப் புரண்டு போய்விடுகின்றன. அன்று முதல்தான் பவளமும் கல்வீட்டில் உட்கார்ந்து வாயை மேலே திறந்து வைத்திருக்கிறது, அடுத்து ஒன்று கிளம்பும்போதாவது "போகாதே" என்று நேரத்தோடு சொல்லிவிட.