உள்ளான் ஏன் அலையோடு ஓடுகிறது

அந்தக் காலத்தில் பறவைகள் பேசும். மனிதர்களும் காது கொடுத்துக் கேட்பார்கள். இரண்டில் எது பெரிய அதிசயம் என்று சொல்வது கடினம். அப்போது கீழைக் கடற்கரையில் ஒரு துறைமுகப் பட்டினம் இருந்தது. அதன் பெயரைப் பற்றிப் புலவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கடலுக்குத் தெரியும், ஆனால் அது சாட்சி சொல்ல வருவதில்லை.

அந்தப் பட்டினத்தின் கரைக்காவல் உள்ளான் குருவியிடம் இருந்தது. எல்லைக்கல்லை அலை தொட்டால் அது கூவ வேண்டும். கூவினால் ஊர் மேட்டுக்கு ஓடும். வீணாக ஒருமுறைகூடக் கூவியதில்லை என்று உள்ளானுக்குக் கொஞ்சம் தலைக்கனம். மீன் உலர்த்தும் எயினி தினமும் அதற்கு இறால் தலை போடுவாள், கூடவே கேலியும் செய்வாள். உள்ளானுக்கு ஊர் என்றாலே அவள்தான்.

ஒரு நண்பகலில் கடல் பின்வாங்கியது. போய்க்கொண்டே இருந்தது. யாரும் பார்த்திராத சேற்றுத் தரையில் மீன்கள் துள்ளின. உள்ளான் கூவ அலகைத் திறந்தது. விலகிப் போகிற கடலுக்கா கூவுவது, ஊர் சிரிக்காதா என்று மூடிக்கொண்டது.

கூடையோடு வந்த எயினி, "என்ன காவல்காரரே, கடலை எங்கே தொலைத்தீர்?" என்றாள்.

"வந்தால் கூவத்தான் எனக்கு உத்தரவு. போனால் கூவ உத்தரவில்லை."

"அப்படியானால் பயமில்லை. நீர் கூவினால் ஓடி வந்துவிடுகிறேன்."

சிரித்துக்கொண்டே சேற்றில் இறங்கினாள். ஊரே அவள் பின்னால் இறங்கியது.

கடல் சுவராக எழுந்து திரும்பியபோது, உள்ளான் எல்லைக்கல்லுக்காகக் காத்திருக்கவில்லை. தொண்டை கிழியக் கூவியது. குரலை முந்திக்கொண்டு அலை வந்தது.

வெள்ளம் வடிந்ததும் உள்ளான் பறந்து வந்து பார்த்தது. பட்டினம் இருந்த இடத்தில் கடல் இருந்தது. ஓர் அலை விலகியபோது செங்கல் சுவரொன்றின் தலை தெரிந்தது. எயினியின் தெருமுனை அது. உள்ளான் குடுகுடுவென்று ஓடியது. நாலு வீடு தாண்டினால் அவள் வாசல். அதற்குள் அடுத்த அலை வந்துவிட, "எயினி, ஓடி வா" என்று கூவிக்கொண்டே கரைக்குத் திரும்பியது. அலை மறுபடி விலகியது. அதுவும் மறுபடி ஓடியது.

பூச்சி பிடிக்கத்தான் ஓடுகிறது என்பார்கள் படித்தவர்கள். பிடிக்கட்டும், துக்கத்துக்கும் வயிறு உண்டு. ஆனால் அன்று முதல்தான் உள்ளான் விலகும் ஒவ்வோர் அலையின் பின்னாலும் ஓடிப்போய் ஈரமணலைக் கிளறிப் பார்க்கிறது. அவள் வாசல்வரை போய்ச்சேர எந்த அலையும் அதற்கு நேரம் கொடுத்ததில்லை.